சக்கரத்தின் அளவு: டயரும் தோட்டமும் சேர்ந்து எழுதிய வரலாறு



ஈப்போவிலிருந்து லூமுட் நோக்கிச் செல்லும் சாலையில், சித்தியவானுக்கு முன்பாக அமைந்துள்ள சிற்றூர் ஆயர் தாவார். மலாய் மொழியில் இப்பெயருக்கு 'நன்னீர்' என்பது பொருள். விடுமுறை நாள்களில் பங்கோர் தீவுக்குச் செல்வோரின் மகிழுந்துகள் இவ்வூரைக் கடந்து வரிசையாகச் செல்கின்றன. ஒரு காலத்தில் இவ்வட்டாரத்துச் சாலைகளின் ஓரங்களில் இரப்பர் மரங்கள் நிரை நிரையாக நின்றன. இன்று அவ்விடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. டயர் மட்டும் நம் சாலைகளில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்குப் பால் கொடுத்த மரம்தான் நம் கண்ணை விட்டு மறைந்து வருகிறது.

"பெரிய ரிம் போட்டால் வண்டி வேகமாகப் போகுமா, ஐயா?" என்று ஆறாம் ஆண்டு மாணவர்கள் கேட்பதுண்டு. வீட்டில் அண்ணனோ மாமாவோ புதிய ரிம் மாற்றியிருப்பார்; அதன் பளபளப்பு பிள்ளைகளின் மனத்தில் பதிந்திருக்கும். "போகாது" என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் அவ்விடைக்கான காரணத்தைத் தேடினால், அது நம்மைப் பெல்பாஸ்ட், டெட்ராயிட், கோலகங்சார் ஆகிய ஊர்கள் வழியாக அழைத்துச் சென்று, இறுதியில் நம் பாட்டனும் பாட்டியும் பால் வெட்டிய தோட்டத்திலேயே கொண்டுவந்து நிறுத்தும். ஒவ்வொரு காலத்திலும் சக்கரத்தின் அளவை அக்காலத்துச் சாலை முடிவு செய்தது. அவ்வளவு மாறிய போதெல்லாம் அதன் அதிர்வு தோட்டம் வரை வந்து சேர்ந்தது. இதனை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாட்டு வண்டியிலிருந்து காற்றுச் சக்கரம் வரை

மாட்டு வண்டியின் சக்கரம் ஆளின் நெஞ்சளவுக்கு உயர்ந்து நிற்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். அது அழகுக்காகச் செய்யப்பட்டதன்று. சிறிய சக்கரம் குழியில் விழுந்தால் ஏற முடியாமல் தவிக்கும். பெரிய சக்கரமோ அதே குழியின் மேல் எளிதாக உருண்டு சென்றுவிடும். சாலை மோசமாக இருந்த காலத்தில் சக்கரம் பெரிதாக இருந்தே ஆக வேண்டியிருந்தது.

மரச் சக்கரத்தின் மேல் இரும்புப் பட்டை கட்டினார்கள். பிறகு கெட்டியான இரப்பர் பட்டையைப் பொருத்தினார்கள். இரப்பர் அதற்கு முன்பே ஐரோப்பியர்களுக்கு அறிமுகமாகியிருந்தது. ஆயினும் வெயிலில் உருகி ஒட்டிக்கொள்வதும் குளிரில் விறைத்து வெடிப்பதும் அதன் குறைகளாக இருந்தன. 1839ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர், இரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அக்குறைகள் நீங்குவதைக் கண்டறிந்தார். அவர் 1860இல் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய டயர் நிறுவனம் 1898இல்தான், வேறொருவரால் தொடங்கப்பட்டது.

காற்றடைத்த சக்கரத்திற்கு முதலில் காப்புரிமை பெற்றவர் இராபர்ட் வில்லியம் தாம்சன். ஆண்டு 1845. ஆனால் அப்போது மிதிவண்டியும் பெருகவில்லை, மகிழுந்தும் பிறக்கவில்லை. எனவே அக்கண்டுபிடிப்பு மறக்கப்பட்டது. 1888இல் பெல்பாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றுக் குழாயைப் பொருத்திப் பார்த்தார். வண்டி முன்னைவிட இலகுவாக உருண்டது. 1895இல் மிசெலின் சகோதரர்கள், பாரிஸிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில் காற்றடைத்த டயருடன் ஒரு மகிழுந்தை ஓட்டினார்கள். வழியெங்கும் டயர் பழுதானது; அவர்கள் வெற்றி பெறவில்லை. எனினும் மகிழுந்துக்கும் காற்று டயர் பொருந்தும் என்பதை உலகம் கண்டுகொண்டது. அதன்பின் இரப்பரின் தேவை நாளுக்கு நாள் பெருகியது.

கோலகங்சாரில் ஒன்பது கன்றுகள்

அத்தேவை எழுவதற்கு முன்பே அதற்கான விதை பேராக் மண்ணில் ஊன்றப்பட்டிருந்தது. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர், பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை இலண்டனின் கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன. அவற்றுள் ஒன்பது கன்றுகள் கோலகங்சாரில், பேராக்கின் பிரிட்டிஷ் ஆலோசகராக இருந்த ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. அக்காலத்து மரம் எனப் போற்றப்படும் ஒன்று இன்றும் கோலகங்சாரில் பாதுகாக்கப்படுகிறது. பள்ளிச் சுற்றுலா செல்லும் ஆசிரியர்கள் பிள்ளைகளை அம்மரத்தடியிலும் சற்று நேரம் நிறுத்திவைக்கலாம்.

1888இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். காப்பி பயிரிட்டவர்களிடம் இரப்பரைப் பயிரிடுமாறு ஓயாமல் வற்புறுத்தியதால் அவரைப் பைத்தியக்கார ரிட்லி என்று கேலி செய்தார்கள். 1896இல் மலாக்காவின் டான் சாய் யான் வணிக நோக்கில் இரப்பரைப் பயிரிட்டார். காப்பியின் விலை வீழ்ந்ததும் மற்றவர்களும் அவரைப் பின்பற்றினார்கள். 1903இல் சீனாவின் பூச்சோவ் பகுதியிலிருந்து வந்த கிறிஸ்துவக் குடும்பங்கள் சித்தியவானில் குடியேறின. நம் மஞ்சோங் வட்டாரத்துச் சீன மக்களின் இரப்பர் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

பெரிய தோட்டங்களுக்கோ ஆள் தேவைப்பட்டது. தமிழகத்தின் சிற்றூர்களிலிருந்து கங்காணிகள் வழியாக நம் முன்னோர் கப்பலேறினார்கள். 1907இல் தமிழர் குடிநுழைவு நிதி அமைக்கப்பட்டு, கப்பல் கட்டணம் அதிலிருந்து செலுத்தப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை தொடர்ந்தது. அதே 1910இல் இலண்டன் சந்தையில் ஒரு பவுண்டு இரப்பர் 12 சில்லிங்கையும் தாண்டி விற்றது. மகிழுந்து பெருகப் பெருக டயர் பெருகியது. டயர் பெருகப் பெருகத் தோட்டம் பெருகியது.

நம் பள்ளிகளின் பிறப்பும் இதனுடன் இணைந்ததே. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என விதித்தது. பல தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் அவ்வாறு எழுந்தவை. பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர். ஒரு கொட்டகைதான் வகுப்பறை. டயரையும் தோட்டத் தமிழ்ப்பள்ளியையும் ஒரே மரத்தின் இரு கிளைகள் என்றால் அது மிகையாகாது.

23 அங்குலத்திலிருந்து 16 அங்குலம்

1908இல் அமெரிக்காவில் ஹென்றி போர்டு 'மாடல் டி' என்னும் மகிழுந்தை வெளியிட்டார். 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. அதன் பின் சக்கர டயரின் அளவு '30 x 3½' என்று குறிக்கப்பட்டது. டயரின் மொத்த உயரம் 30 அங்குலம். அதன் தடிமன் மூன்றரை அங்குலம் என்பது பொருள். 30இலிருந்து மேலும் கீழுமாக இரு மூன்றரைகளைக் கழித்தால் 23 அங்குலம் எஞ்சும். அதுவே உள்வளையமாகிய ரிம்மின் விட்டம். இன்றைய ஆடம்பர மகிழுந்துகளில்கூட 23 அங்குல ரிம் அரிது.

அப்படியானால் அவ்வண்டி மிக வேகமாக ஓடியிருக்க வேண்டுமே? இல்லை. அதன் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். சேறும் குழியுமான நாட்டுப்புறச் சாலைகளில் அடிப்பகுதி தரையில் தட்டாமல் செல்வதற்காகவே சக்கரம் அவ்வளவு உயரமாக இருந்தது. மாட்டு வண்டியின் அதே நியாயம்தான் இங்கும். ஒல்லியான டயருக்குள் மிகுந்த அழுத்தத்தில் காற்று அடைக்கப்பட்டது. எனவே பயணம் கடினமாகவும் குலுக்கலாகவும் இருந்தது.

1923இல் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. குறைந்த அழுத்தத்தில் அதிகக் காற்றைக் கொள்ளும் பருத்த டயர்கள் சந்தைக்கு வந்தன. 'பலூன் டயர்' என்று அவற்றை அழைத்தார்கள். டயரே குலுக்கலைத் தாங்கிக்கொண்டதால் பெரிய ரிம் தேவைப்படவில்லை. சாலைகளும் சீராகத் தொடங்கின. போர்டு வண்டிகளின் ரிம் அளவைப் பாருங்கள்: 1928இல் 21 அங்குலம், 1930இல் 19, 1932இல் 18, 1933இல் 17, 1935இல் 16. ஏழே ஆண்டுகளில் ஐந்து அங்குலம் குறைந்துவிட்டது. அதே ஆண்டுகளில் வண்டியின் வேகமோ கூடிக்கொண்டே சென்றது. நம் மாணவர்களின் கேள்விக்கு வரலாறு தரும் முதல் விடை இது.

விலை ஏறியது, கூலி இறங்கியது

1920களில் உலக இரப்பரில் ஏறத்தாழ பாதி மலாயாவிலிருந்து சென்றது. அதில் பெரும்பகுதியை அமெரிக்க டயர் ஆலைகள் வாங்கின. முதல் உலகப் போருக்குப் பின் விலை சரிந்ததால், 1922இல் பிரிட்டிஷ் அரசு ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்து ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 1925இல் நியூயார்க்கில் ஒரு பவுண்டு இரப்பரின் விலை 1 டாலர் 20 காசையும் தாண்டியது. அமெரிக்கர்கள் சினமடைந்தார்கள். டயர்களைப் பேணிப் பயன்படுத்துமாறு அவர்களின் அரசு மக்களைக் கேட்டுக்கொண்டது. 1926இல் பயர்ஸ்டோன் நிறுவனம் லைபீரியாவில் தோட்டம் அமைக்க ஒப்பந்தம் செய்தது. போர்டு நிறுவனம் பிரேசில் காட்டில் ஒரு நகரையே உருவாக்கிப் பார்த்துத் தோற்றது. டச்சுக்காரர்கள் ஆண்ட இந்தோனேசியாவோ கட்டுப்பாட்டில் சேராமல் உற்பத்தியைப் பெருக்கியது. 1928இல் திட்டம் கைவிடப்பட்டது.

அடுத்து வந்த உலகப் பொருளாதார வீழ்ச்சியில் மகிழுந்து வாங்குவோர் குறைந்தார்கள். 1932இல் ஒரு பவுண்டு இரப்பர் இலண்டனில் 2 பென்ஸுக்கும் கீழே இறங்கியது. 1910இல் 12 சில்லிங், அதாவது 144 பென்ஸ், விற்ற பொருள் அது. தோட்டத்தில் ஆண்களுக்கு 50 காசும் பெண்களுக்கு 40 காசுமாக இருந்த நாள் கூலி, 1930இல் முறையே 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. பிறகு அதுவும் இறங்கியது. வேலை இழந்த பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். டெட்ராயிட்டில் ஓர் ஆலையின் கதவு மூடப்பட்டால், பேராக்கின் லயத்து வீட்டில் அடுப்பு அணைந்தது. உலகமயம் என்னும் சொல் பிறப்பதற்கு முன்பே நம் முன்னோர் அதன் சுமையைத் தோளில் சுமந்தவர்கள்.

1941 டிசம்பரில் சப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. அமெரிக்காவின் இயற்கை இரப்பர் வரவில் மிகப் பெரும்பகுதி நின்றுபோனது. உடனே அங்கே நாடு முழுவதும் மணிக்கு 35 மைல், அதாவது ஏறத்தாழ 56 கிலோமீட்டர், என வேகக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. எரிபொருளைவிட டயரைக் காப்பதே அதன் முதன்மை நோக்கம். வேகம் கூடினால் டயர் சூடாகித் தேயும் என்பதை ஒரு நாடே சட்டமாக எழுதியது. இங்கேயோ டயருக்குப் பால் வெட்டிய கைகளில் பல்லாயிரம், சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டன. அவற்றுள் பல திரும்பவே இல்லை.

பத்து அங்குலமும் குறுக்கு நூலும்

போருக்குப் பின் இரு திசைகளில் மாற்றம் நிகழ்ந்தது. ஒன்று, சக்கரம் மேலும் சிறுத்தது. 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'மினி' மகிழுந்துக்கு 10 அங்குல ரிம்தான். வண்டிக்குள் மனிதர்களுக்கு அதிக இடம் வேண்டும் என்பதற்காக, அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் சக்கரத்தைச் சுருக்கினார். டன்லப் நிறுவனம் அதற்கெனச் சிறிய டயரைச் செய்து கொடுத்தது. சிறிய சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு அதிகமுறை சுழல வேண்டும். மாடல் டி சக்கரம் ஏறத்தாழ 418 முறை சுழன்றால், மினி சக்கரம் 600க்கும் மேற்பட்ட முறை சுழலும். ஆயினும் 1960களில் அந்தச் சிறிய மினி, பெரிய வண்டிகளைத் தோற்கடித்து மோண்டே கார்லோ பந்தயத்தை வென்றது.

மற்றொன்று, டயரின் உள்ளமைப்பு மாறியது. பழைய டயர்களுக்குள் நூலிழைகள் சாய்வாக ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். மிசெலின் நிறுவனம் 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்த புதிய டயரில், இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் சென்றன. தரையில் படும் பகுதிக்கு அடியில் எஃகுப் பட்டை வைக்கப்பட்டது. இதுவே ரேடியல் டயர். பக்கச் சுவர் நன்கு வளைந்து கொடுக்கும். தரையில் படும் பகுதி தட்டையாகவே இருக்கும். பிடிப்பும் கூடியது, ஆயுளும் நீண்டது.

இதில் நமக்கு ஒரு சிறப்புச் செய்தி உண்டு. போர்க்காலத்தில் பெருகிய செயற்கை இரப்பர், நம் தோட்டங்களை விழுங்கிவிடும் என்று அஞ்சிய காலம் அது. ரேடியல் டயரைச் செய்யும்போதோ, வேகவைக்கப்படாத இரப்பர் அடுக்குகள் ஒன்றோடொன்று நன்கு ஒட்ட வேண்டும். இழுத்து விரித்தாலும் கிழியக் கூடாது. வளையும்போது அதிகம் சூடாகவும் கூடாது. இவற்றில் இயற்கை இரப்பரே மேம்பட்டது. எனவே ரேடியல் பரவியபோது இயற்கை இரப்பருக்கு மீண்டும் மதிப்பு வந்தது. இன்றும் பெரிய சுமையுந்துகளின் டயர்களிலும் விமான டயர்களிலும் மரத்தின் பாலே முதன்மை இடம் வகிக்கிறது. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நிரையில் நின்று, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிய அந்தப் பால்தான்.

சாகாவிலிருந்து இன்று வரை

1985இல் நம் நாட்டின் முதல் தேசிய மகிழுந்தான புரோட்டோன் சாகா வெளிவந்தது. அதன் ரிம் 13 அங்குலம். 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலுக்கு 12 அங்குலம். தோட்டத்தை விட்டுப் பட்டணம் சேர்ந்த பல தமிழ்க் குடும்பங்களின் முதல் மகிழுந்து இவ்விரண்டில் ஒன்றாகவே இருக்கும். 2005இல் வந்த மைவி 14 அங்குலத்தில் ஓடியது. 2017இல் வந்த மூன்றாம் தலைமுறை மைவியின் 1.5 லிட்டர் வகைக்கு 15 அங்குலம். 2020இல் வந்த புரோட்டோன் எக்ஸ்50 வண்டியின் உயர்ந்த வகைக்கு 18 அங்குலம். அரை நூற்றாண்டு சுருங்கிய சக்கரம் மீண்டும் வளர்ந்து வருகிறது.

இதற்குக் காரணங்கள் உண்டு. வண்டிகளின் எடையும் வேகமும் கூடியதால் பெரிய வட்டத் தடைக்கருவி, அதாவது டிஸ்க் பிரேக், தேவைப்படுகிறது. அது ரிம்முக்குள் அடங்க வேண்டும். மேலும், பக்கச் சுவர் குட்டையான டயர் வளைவில் குறைவாக நெளியும். திருப்பும் கட்டளைக்கு உடனே பணியும். இவை தவிர, பெரிய ரிம் கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்பதும் ஒரு காரணம். வணிகர்கள் அதனை நன்கு அறிவார்கள்.

ஆனால் இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: 1999 முதல் 2017 வரை செப்பாங்கில் பார்முலா ஒன் பந்தயம் நடைபெற்றது. மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிப் பறந்த அவ்வண்டிகள் அனைத்திலும் 13 அங்குல ரிம்தான் இருந்தது. அப்பாவின் பழைய சாகாவிலும் அதே அளவு. 2022இல்தான் பார்முலா ஒன் 18 அங்குலத்திற்கு மாறியது.

எண்கள் கூறும் உண்மை

டயரின் பக்கவாட்டில் '175/65 ஆர் 14' என்பது போன்ற எண்கள் ஆங்கில எழுத்துடன் பொறிக்கப்பட்டிருக்கும். 175 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 65 விழுக்காடு. 'ஆர்' என்பது ரேடியல். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களே இக்கணக்கைச் செய்துவிடலாம்.

175இல் 65 விழுக்காடு 113.75. மேலும் கீழுமாக இரு மடங்கு 227.5. ரிம் 14 x 25.4 = 355.6. கூட்டினால் டயரின் மொத்த உயரம் 583.1 மில்லிமீட்டர்.

இனி '185/55 ஆர் 15' டயரைக் கணக்கிடுவோம். 185இல் 55 விழுக்காடு 101.75, இரு மடங்கு 203.5. ரிம் 381. மொத்தம் 584.5 மில்லிமீட்டர். ரிம் ஓர் அங்குலம் கூடியும் டயரின் உயரம் ஏறத்தாழ மாறவே இல்லை! இவ்விரண்டும் மைவியின் இரு வகைகளுக்கு நிறுவனமே தந்த அளவுகள். பொறியியலாளர் ரிம்மைப் பெரிதாக்கும்போது பக்கச் சுவரைக் குறைத்து மொத்த உயரத்தைக் காக்கிறார்.

ஒருவர் அதே வண்டிக்கு '195/50 ஆர் 16' டயரை மாட்டினால் மொத்த உயரம் 601.4 ஆகிவிடும். ஏறத்தாழ 3 விழுக்காடு உயர்வு. இதனால் விளைவன யாவை?

முதலாவது, வேகமானி ஏமாற்றும். சக்கரம் எத்தனை முறை சுழல்கிறது என்பதைக் கொண்டே அது வேகத்தைக் கணக்கிடுகிறது. சரியாக 100 காட்டிய கருவி, பெரிய டயரை மாட்டிய பின் 100 காட்டும்போது வண்டி 103இல் ஓடும்.

இரண்டாவது, புறப்பாடு மந்தமாகும். சக்கரம் பெரிதானால் அதனைச் சுழற்ற இயந்திரம் அதிகமாக உழைக்க வேண்டும். தடைக்கருவிக்கும் அதே நிலைதான். அதே தொலைவில் நிறுத்த இன்னும் வலுவாகப் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, எடை. சக்கரத்தின் விளிம்பில் கூடும் ஒரு கிலோ, வண்டியைப் புறப்படச் செய்யும்போது ஏறத்தாழ இரண்டு கிலோவைப் போல் இழுக்கும். வண்டியோடு சேர்ந்து அது முன்னே செல்லவும் வேண்டும், சுழலவும் வேண்டும் அல்லவா? தோட்டத்து முதியவர்களுக்கு இதனை விளக்கவே தேவையில்லை. இரு நுனிகளிலும் பால் வாளி தொங்கும் காண்டாக் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்ப முடியாது. அதே வாளிகளை உடலோடு ஒட்டிப் பிடித்தால் திரும்புவது எளிது. எடை நடுவிலிருந்து விலக விலகச் சுழற்றுவது கடினம்.

நான்காவது, மழை. சுமார் 1,000 கிலோ எடையுள்ள மகிழுந்தின் ஒரு சக்கரத்தின் மேல் 250 கிலோ அமர்கிறது. டயரின் காற்றழுத்தம் சதுர செண்டிமீட்டருக்கு 2.2 கிலோ என்றால், தரையைத் தொடும் பரப்பு 114 சதுர செண்டிமீட்டர். ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு. ஒரு குடும்பத்தின் உயிர் நான்கு உள்ளங்கைகளின் மேல் செல்கிறது! அகலமான டயரில் இப்பரப்பு பெரிதாகக் கூடிவிடாது. அதன் வடிவம்தான் அகன்று குட்டையாகும். உலர்ந்த சாலையின் வளைவில் அது நல்ல பிடிப்பைத் தரும். சாலையில் நீர் தேங்கிய வேளையிலோ, அகன்ற டயர் நீரை விலக்க முடியாமல் அதன் மேல் மிதந்து வழுக்கும் வாய்ப்பு கூடுதல். தேய்ந்த டயர் என்றால் ஆபத்து பன்மடங்கு.

ஐந்தாவது, குழி. பக்கச் சுவர் குட்டையானால் குழியின் அடியைத் தாங்கும் காற்றும் குறைவு. அந்த அடி ரிம்முக்கும் வண்டியின் கீழ்ப்பகுதிக்கும் நேராகச் செல்லும். ரிம் வளையும், டயரின் பக்கம் புடைக்கும். செம்பனைச் சுமையுந்துகள் ஓடும் தோட்டப் பாதைகளில் வாழ்வோர் இதனை மறக்கலாகாது.

ஆகவே, ரிம் மாற்றுவதே தவறு என்று நான் கூறவில்லை. மொத்த உயரம் மாறாமல், சுமை தாங்கும் எண் குறையாமல், வண்டியின் உடலுக்கு வெளியே துருத்தாமல் மாற்றினால் வண்டி நன்றாகவே ஓடும். சுமை எண் 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். ஓட்டுநர் பக்கக் கதவின் ஓரத்தில் அல்லது வண்டியின் கையேட்டில் நிறுவனம் தந்த அளவு இருக்கும். புதிய டயர் வாங்குமுன் அதனைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். பழைய டயர் மலிவாகக் கிடைக்கிறது என்றால், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். '2319' என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்யப்பட்டது என்று பொருள். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் அதன் காலம் முடிந்தது.

மரம் போனது, வரலாறு போகலாமா?

மலேசியா நெடுங்காலம் உலகின் முதல் இரப்பர் உற்பத்தி நாடாக விளங்கியது. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து அவ்விடத்தைப் பிடித்தது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, பல துண்டாடப்பட்டன, சில வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்களிலிருந்து மக்கள் வெளியேறினார்கள். பள்ளிகள் சில பட்டணத்திற்கு இடம்பெயர்ந்தன. சில மாணவரின்றி மெலிந்தன. டயர் ஆலைகளும் மாற்றம் கண்டன. ஷா ஆலமில் 1972 முதல் இயங்கிய குட்இயர் ஆலை 2024இல் மூடப்பட்டது. நம் பேராக்கின் தைப்பிங் வட்டாரத்தில், கமுந்திங்கில் டயர் செய்த சில்வர்ஸ்டோன் நிறுவனத்தை 2010இல் சப்பானின் டோயோ நிறுவனம் வாங்கியது. கோலகங்சாரில் கன்று நட்ட பேராக், இன்று டயரும் செய்கிறது.

இவ்வளவும் ஒரு டயரின் பக்கத்தில் பொறித்த சில எண்களுக்குப் பின்னால் நிற்கின்றன. பாடநூலில் இரப்பர் வரலாறு ஒரு பக்கமாக முடிந்துவிடலாம். அதனை ஒரு வாரப் பாடமாக விரித்தெடுப்பது ஆசிரியரின் கையில் இருக்கிறது. கணிதப் பாடத்தில் மேலே கண்ட கணக்கைச் செய்விக்கலாம். அறிவியல் பாடத்தில் உராய்வைப் பற்றிப் பேசும்போது உள்ளங்கை அளவை அட்டையில் வெட்டிக் காட்டலாம். வரலாற்றுப் பாடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் தாத்தாவிடமோ பாட்டியிடமோ மூன்று வினாக்களைக் கேட்டு எழுதி வரட்டும்: எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினீர்கள்? ஒரு நாளில் எத்தனை மரம் வெட்டினீர்கள்? கூலி எவ்வளவு?

பெற்றோர்களே, பால் வெட்டியவர்களின் தலைமுறை முதுமையை எட்டிவிட்டது. அவர்கள் சொல்லும் தோட்டத்தின் பெயர் இன்று வரைபடத்தில் இல்லாமலும் போகலாம். அதனால்தான் அவ்விடைகளை இப்போதே எழுதி வைக்க வேண்டும். உங்கள் மகன் புதிய ரிம் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலில் டயரின் எண்ணை அவனையே வாசித்துக் கணக்கிடச் சொல்லுங்கள். கணக்கு முடிந்ததும் பாட்டியின் அருகில் அமரச் சொல்லி, அந்த மூன்று வினாக்களையும் கேட்கச் சொல்லுங்கள்.